கணக்கில் வராத ஐந்து பேர்

ஓம் சரவணபவ!



போன கிருத்திகை அன்னைக்கு ராத்திரி ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவுல உள்ள கரிசல் கிராமம். பேரும் ஊரும் ஆலையும் வேண்டாம். அவர் சம்மதத்தோடு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

“அண்ணே, நான் பட்டாசு ஆலையில கணக்கு பாக்கேன். தினமும் காலையில எந்த ரூம்ல எத்தனை பேருன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். மருந்து செலுத்துற ரூமுக்கு நாலு பேருக்குத்தான் அனுமதி. நானும் நாலுன்னுதான் எழுதுதேன். ஆனா சீசன் நேரத்துல உள்ள ஒன்பது பேரு உக்காந்திருக்காங்க. அதுல எங்க அம்மாவும் ஒரு ஆளு. வெளிய சொன்னா ஆலையை மூடிருவாங்க, ஊர்ல நாப்பது குடும்பம் பட்டினி. எங்க அக்கா கல்யாணத்துக்கு முதலாளிதான் அட்வான்ஸ் குடுத்தாரு. சொல்லாம இருந்தா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. கழுகுமலைக்குப் போய் சாமி முன்னால நின்னு கேட்டேன். ஒண்ணும் தோணல. இதுல எது தர்மம்ணே?”

ரெண்டு நாள் பதில் போட முடியல. “உண்மையைச் சொல்லுப்பா, முருகன் பாத்துக்குவான்”னு ஒரு வரி அனுப்பிட்டு நான் தூங்கிடலாம். ஆனா பட்டினி கிடக்கப் போறது நான் இல்லையே! அதனால இந்த மாதப் பாடத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்கிவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

ரெண்டு தராசு

உயிர் சம்பந்தப்பட்ட முடிவு எடுக்கும்போது நம் கையில் ரெண்டு தராசு இருக்கு.

முதல் தராசு விளைவு. “இதைச் செய்தால் என்ன ஆகும்? எத்தனை பேர் பிழைப்பார்கள், எத்தனை பேர் கஷ்டப்படுவார்கள்?” என்று பார்ப்பது. ரெண்டாவது தராசு கடமை. “விளைவு எப்படியோ போகட்டும், நான் செய்ய வேண்டியது எது, செய்யவே கூடாதது எது?” என்று கேட்பது.

ரெண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிரச்சினையே இல்லை. எதிரெதிராகச் சாயும்போதுதான் தூக்கம் போகும்.

1967-இல் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியை ஒரு கேள்வியைப் போட்டார். நீங்க மீம்ஸ்ல பார்த்திருப்பீங்க. பிரேக் பிடிக்காத டிராம் வண்டி ஓடுது. நேராகப் போனால் தண்டவாளத்தில் ஐந்து பேர். திருப்பினால் ஒருவர். ஓட்டுநர் என்ன செய்யணும்? “திருப்பணும்”னு பெரும்பாலானவங்க சொல்வாங்க. பின்னால் ஜூடித் தாம்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டார். மேம்பாலத்தில் நிற்கிற ஒரு கனத்த ஆளைக் கீழே தள்ளிவிட்டால் வண்டி நின்றுவிடும், ஐந்து பேர் பிழைப்பார்கள். தள்ளலாமா? இப்போ அதே ஆட்களே “ஐயோ, கூடாது”ம்பாங்க. கணக்கு ஒன்றுதான், ஒன்றுக்கு ஐந்து. ஆனா மனசு ஒத்துக்கல. மனுஷனைக் கருவியா எடுத்துத் தள்ளுவதற்கு எந்தக் கணக்கும் அனுமதி தராது என்று உள்ளே ஒன்று சொல்லுது. அதைத்தான் கடமை என்கிறோம்.

இந்தப் புதிருக்கும் நம் தம்பியின் ரிஜிஸ்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புதிரில் எல்லா விளைவும் முன்கூட்டியே நிச்சயமாகத் தெரியும். தண்டவாளத்தில் இத்தனை பேர், இத்தனை சாவு. வாழ்க்கையில் அப்படி யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. நாமதான் கணக்குப் போடணும். அந்தக் கணக்கை யார் போடுறாங்க, நம்ம அறிவா, நம்ம பயமா? இன்றைய பாடம் இதுதான்.

கழுகுமலைக்குப் பேர் வந்த கதை

கோவில்பட்டியிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர் அளவில் கழுகுமலை. குடைவரைக் கருவறை. மலையே கோயிலுக்கு விமானம். காவடி எடுத்துப் போனவங்க நம்ம குழுவிலேயே நிறைய பேர் இருக்கீங்க. ஆனா “ஏன் கழுகுமலை?”னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது.

ராமாயணத்தில் ரெண்டு கழுகு அண்ணன் தம்பிகள். தம்பி ஜடாயு, அண்ணன் சம்பாதி.

சீதையை ராவணன் தூக்கிக்கொண்டு போகிறான். ஜடாயு பார்க்கிறார். கிழப் பறவை. எதிரே இருப்பதோ ஆயுதமும் தேரும் உள்ள அரக்கர் அரசன். முதல் தராசில் வைத்துப் பாருங்க. சண்டை போட்டால் ஜெயிக்க முடியுமா? முடியாது. சீதையை மீட்க முடியுமா? முடியாது. உயிர் போகுமா? போகும். கணக்குப்படி பேசாமல் மரத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஜடாயு உட்காரவில்லை. போராடினார், சிறகை இழந்து விழுந்தார்.

“பார்த்தியா, ஒன்னும் ஆகல, அநியாயமா ஒரு உயிர் போனதுதான் மிச்சம்”னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா அது சரியான கணக்காத்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா ராமன் காட்டுக்குள்ளே திசை தெரியாமல் தேடி வந்தபோது, யார் தூக்கிப் போனது என்று சொல்ல உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது அந்த ஜடாயு ஒருவர்தான். அவர் போட்ட சண்டை சீதையைக் காப்பாற்றவில்லை. அவர் சொன்ன சாட்சி தேடலைத் தொடங்கி வைத்தது. பின்னால் வானரங்களுக்கு “இலங்கையில் இருக்கிறாள்” என்று காட்டிக் கொடுத்தவர் அண்ணன் சம்பாதி.

தம்பிக்கு ஈமக்கடன் செய்ய முடியாமல் போன துக்கத்தோடு இருந்த சம்பாதி, ராமன் சொன்னபடி இந்த மலைக்கு வந்து, தீர்த்தத்தில் நீராடி முருகனை வழிபட்டார். சூரபத்மன் இருந்த இடத்தை முருகனுக்குக் காட்டினார். அதனால்தான் இது கழுகுமலை, சாமி கழுகாசலமூர்த்தி. தல வரலாறு இப்படித்தான் சொல்லுது.

ஆக, நாம் அரோகரா போட்டு ஏறுகிற இந்த மலை ஒரு சாட்சியின் பேரில் இருக்கிற மலை. அந்தத் தம்பி இங்கே வந்து நின்று “ஒண்ணும் தோணல”ன்னு சொன்னார். பதில் மலையின் பேரிலேயே இருக்குன்னு எனக்குத் தோணுச்சு.

கோவில்பட்டியில் நடந்தது

“புராணத்துல நடக்கும்ணே, நிஜத்துல நடக்குமா?”னு கேட்பீங்க. நிஜத்தில் நடந்ததைச் சொல்றேன். அதுவும் நம்ம ஊரோடு சேர்ந்தது.

2020 ஜூன், கொரோனா ஊரடங்கு நேரம். 19-ஆம் தேதி சாயங்காலம் சாத்தான்குளத்தில் மொபைல் கடை நடத்திய ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லப்பட்டது. மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்தார்கள். 22-ஆம் தேதி இரவு பென்னிக்ஸ் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார். 23 அதிகாலை தந்தையும் இறந்தார்.

நாடே கொதித்தது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி முதலாம் எண் குற்றவியல் நடுவர் பாரதிதாசன் விசாரிக்கப் பணிக்கப்பட்டு, 28-ஆம் தேதி சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு நேரில் போனார். அங்கே தமக்கு ஒத்துழைப்பு இல்லை, மரியாதைக் குறைவாகப் பேசினார்கள் என்று அவரே உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். கேமரா இருந்தது. பதிவுகளைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனா தினமும் அழிந்துபோகிற மாதிரி செட்டிங் வைத்திருந்ததால் 19-ஆம் தேதி இரவின் காட்சி கிடைக்கவில்லை.

கேமராவில் இல்லாததை ஒரு மனுஷி பார்த்திருந்தார். அன்னைக்கு இரவு டியூட்டியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி. தந்தையையும் மகனையும் இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார்.

இப்போ முதல் தராசில் அவருடைய நிலைமையை வைத்துப் பாருங்க. இறந்தவர்கள் இனி திரும்பப் போவதில்லை. சொன்னால் எதிரே நிற்பவர்கள் தினமும் கூட வேலை பார்ப்பவர்கள், மேலதிகாரிகள். வேலைக்கு ஆபத்து, குடும்பத்துக்கு ஆபத்து. “சொல்லி என்ன ஆகப் போகுது?” இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு நியாயமா கேட்குது பாருங்க!

ஆனாலும் சொன்னார். ஒரு விஷயத்தைக் கவனிங்க தம்பிகளே. அவர் பயமே இல்லாமல் சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னார். கையெழுத்துப் போடத் தயங்கினார் என்று நடுவரின் அறிக்கையிலேயே இருக்கு. பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகுதான் கையெழுத்திட்டார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு தர உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு கொலை வழக்குப் பதிவாகி போலீஸ்காரர்களே கைதானார்கள். ஜூலையில் விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனது.

ரேவதி விளைவை எண்ணாதவர் இல்லை. எண்ணினார். ஆனா “சொல்லலாமா வேண்டாமா” என்பதை விளைவிடம் விடவில்லை. “எப்படிச் சொன்னால் நானும் பிழைப்பேன்” என்பதற்கு விளைவைப் பார்த்தார்.

இந்தப் பாடத்தில் ஒரு வரி மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க: செய்வதா வேண்டாமா என்பதைக் கடமை முடிவு செய்யட்டும். எப்படிச் செய்வது என்பதை விளைவு முடிவு செய்யட்டும்.

பயம் போடுகிற கணக்கு

சரி, தம்பியின் கணக்குக்கு வருவோம்.

“சொன்னால் நாற்பது குடும்பம் பட்டினி.” இது ஒரு பக்கம். லேசாகத் தள்ளிவிட முடியாத விஷயம். நம்ம கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை. தீப்பெட்டியும் பட்டாசும்தான் அடுப்பை எரிய வைக்குது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து “ஆலையை மூடு”ன்னு சொல்றவங்களுக்கு இது தெரியாது.

மறுபக்கம் என்ன? “ஒருவேளை வெடித்தால்...” இங்கேதான் பயம் விளையாடுது. பட்டினிக்கு “நிச்சயம்” போட்டது. வெடிக்கு “ஒருவேளை” போட்டது. உண்மையில் பட்டினியும் ஒருவேளைதான். ஆலையை மூடித்தான் ஆகணும்னு இல்லை. ஆட்களைப் பிரித்து உட்கார வைக்கச் சொல்லலாம். அந்த மூன்றாவது வழி பயத்தின் கணக்கில் வரவே இல்லை.

நாலு பேர் என்ற விதி எதுக்கு இருக்கு? நாலு பேர் இருந்தால் வெடிக்காது என்பதற்காக இல்லை. உராய்வு பட்டால் நாலு பேர் இருந்தாலும் வெடிக்கும். வெடித்தால் சாவு நாலோடு நிற்கணும், வாசலுக்கு ஓட வழி இருக்கணும், அறைக்குள் மருந்து குவியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த எண். ஒன்பது பேர் உட்கார்ந்தால் ஒன்பது பேருக்கான மருந்தும் அதே அறைக்குள்தான் இருக்கும்.

இது ஒன்றும் கற்பனை இல்லை. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி. 40 பேர் வரை இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சன்குளம். 20 பேருக்கு மேல். இந்த ரெண்டு தேதியும் நம்ம பக்கத்து வீடுகளில் திதி கொடுக்கிற தேதிகள்.

தம்பி தினமும் காலையில் நாலு என்று எழுதும்போது ஐந்து பேரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார். அதில் அவருடைய அம்மாவும் இருக்கலாம். அந்த ஐந்து பேர் காகிதத்தில் அங்கே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா “அவங்க அன்னைக்கு வேலைக்கே வரல”ன்னு சொல்லிவிட முடியும். நஷ்ட ஈட்டுக்கும் அலையணும்.

பயம் போடுகிற கணக்கில் எப்பவும் யாராவது ஒருத்தர் விட்டுப்போவாங்க. பெரும்பாலும் கேட்க நாதியில்லாதவங்க. சாத்தான்குளத்தில் 19-ஆம் தேதி இரவுக்கும் 22-ஆம் தேதி இரவுக்கும் நடுவில் அந்தத் தந்தையும் மகனும் எத்தனை மேசைகளையும் எத்தனை கையெழுத்துகளையும் கடந்து வந்திருப்பார்கள்! “என் ஒரு கையெழுத்தில் என்ன இருக்கு”ன்னு நினைக்கிற எல்லாரும் அதை யோசிக்கணும்.

அப்போ பொய்யே சொல்லக் கூடாதா?

“அண்ணே, நல்லதுக்காகப் பொய் சொல்லலாம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே”ன்னு ஒருத்தர் கேட்பீங்க. நல்ல கேள்வி. திருக்குறளில் வாய்மை என்று ஓர் அதிகாரமே இருக்கு. யாருக்கும் தீங்கு வராத சொல்லே வாய்மை என்பதும், குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்கூட வாய்மையின் இடத்தில் நிற்கும் என்பதும் அதன் கருத்து. வள்ளுவர் விளைவையும் தராசில் வைக்கிறார், மறுக்கவில்லை. வெட்ட வருகிறவன் “அவன் எங்கே?”ன்னு கேட்டால் “தெரியாது”ன்னு சொல்வது பாவம் இல்லை.

ஆனா அவர் போட்ட நிபந்தனையை விட்டுட்டுப் பாதியை மட்டும் எடுத்துக்கக் கூடாது. குற்றமில்லாத நன்மையா? ரிஜிஸ்டரில் நாலு என்று எழுதுகிற பொய் யாரைக் காப்பாற்றுது? சோதனைக்கு வருகிற ஆய்வாளரின் கண்ணிலிருந்து ஆபத்தை மறைக்குது. அந்த ஒன்பது பேரைக் காப்பாற்றவில்லை. அதனால் வள்ளுவர் கொடுத்த சலுகை இந்தப் பொய்க்குக் கிடைக்காது.

கடமைன்னா கண்ணை மூடி ஓடுவது இல்லை

இன்னொரு பக்கமும் சொல்லணும். இல்லைன்னா இந்தப் பாடம் அரைகுறையாப் போகும்.

முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே மாட்டியவர்களைத் தூக்க ஓடி வந்த சுற்றுவட்டார ஜனங்கள். அடுத்தடுத்து வெடித்ததில் மாட்டிக்கொண்டார்கள். அவங்களைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. அப்படி ஓடுகிற மனசு இருக்கிறதால்தான் இந்த ஊர் ஊராக இருக்கு. ஆனா அவங்க கொடுத்த விலையிலிருந்து நாம் படிக்கணும். பட்டாசு ஆலையில் முதல் வெடி கடைசி வெடி இல்லை. தூர நின்று, கூட்டத்தை விலக்கி, வழியை ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் விட்டு, 101-க்கோ 112-க்கோ சொல்வதுதான் அந்த நேரத்து உதவி. உதவுவது கடமை. எப்படி உதவுவது என்பதற்கு விளைவைப் பார்த்தே ஆகணும்.

முருகன் காட்டிய வரிசை

கந்தபுராணம் படித்தவங்களுக்குத் தெரியும். முருகன் நேராக வேலை எறியவில்லை. முதலில் வீரபாகுவைத் தூது அனுப்பினார். “சிறையில் வைத்த தேவர்களை விட்டுவிடு” என்று கேட்கச் சொன்னார். சூரபத்மன் கேட்க மாட்டான் என்று முருகனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் திருந்த ஒரு வாசல் திறந்து வைப்பது தர்மம். விளைவு தெரிந்தும் அந்தக் கடமையை விடவில்லை.

தூது பலிக்காதபோது “சரி, நான் சொல்லிப் பார்த்தேன், என் கடமை முடிஞ்சது”ன்னு திரும்பிப் போனாரா? இல்லை. சிறையில் இருக்கிறவங்க இன்னும் சிறையில்தானே இருக்காங்க! அதனால் அடுத்த படிக்குப் போனார். கடைசியிலும் சூரனை இல்லாமல் ஆக்கவில்லை. மயிலும் சேவலுமாக்கித் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இந்த வரிசையை வைத்துத்தான் தம்பிக்கு நான் பதில் எழுதினேன். சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: உன் கையில் இருக்கிற கடமை எதுன்னு பார். ஊர்ல உள்ள எல்லா ஆலையையும் திருத்துவது உன் வேலை இல்லை. உன் கையில் இருப்பது ஒரு பேனாவும் ஒரு ரிஜிஸ்டரும். அதில் பொய் எழுதாமல் இருப்பது உன் கடமை.

ரெண்டு: கணக்கில் விட்டவங்களிடம் போய்க் கேள். அந்த ஒன்பது பேரிடம் பேசு, அம்மாவிலிருந்து தொடங்கு. அவங்க உயிரைப் பற்றி நீயும் முதலாளியும் மட்டும் முடிவு செய்யக் கூடாது. நம்ம உயிரை நாம் பணயம் வைக்கலாம். அடுத்தவங்க உயிரை அவங்களுக்குத் தெரியாமல் வைக்க நமக்கு உரிமை இல்லை.

மூன்று: தூது போ. முதலாளியிடம் தனியாகப் போகாதே, வேலை பார்க்கிறவங்க ரெண்டு மூணு பேரோடு போ. மரியாதையாகப் பேசு. அட்வான்ஸ் கொடுத்த நன்றியை மறக்க வேண்டாம். ஆனா நன்றிக்காக அடுத்தவர் உயிரைக் கொடுக்க முடியாது.

நாலு: தூது பலிக்கலைன்னா அங்கேயே நிற்காதே. ஆபத்தான தொழிலில் இருக்கிறவங்க, உடனடி ஆபத்து இருக்குன்னு நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. புகார் கொடுத்தவர் யாருன்னு ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. தொழிலகப் பாதுகாப்புத் துறை இருக்கு. வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கு. மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கலாம். ரேவதி பாதுகாப்புக் கேட்டது கோழைத்தனம் இல்லை. நீயும் கேள்.

ஐந்து: ஆலை ஒழியணும்னு நினைக்காதே, ஆலை திருந்தணும்னு நினை. சூரனை மயிலாக்கினவன் அடியார் நாம்.

தம்பி சொன்ன பதில்

பத்து நாள் கழித்து மறுபடி வாய்ஸ் மெசேஜ் வந்தது. “முதல்ல அம்மாகிட்டதாம்ணே பேசுனேன். ‘எனக்கு இது தெரியாதாடா, நீ எப்போ வாயைத் திறப்பேன்னு இருந்தேன்’னு சொன்னாங்க.”

அம்மாவும் இன்னும் ரெண்டு பெண்களும் அவரும் சேர்ந்து முதலாளியைப் பார்த்திருக்காங்க. முதலாளி முதல்ல கத்தினாராம். “ரிஜிஸ்டர்ல இனிமே உள்ளதைத்தான் எழுதுவேன் முதலாளி”ன்னு தம்பி சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாராம். மறுநாளிலிருந்து ஆட்களை மூணு ரூமாகப் பிரித்திருக்காங்க. உற்பத்தி குறைஞ்சிருக்கு. வாரத்தில் ரெண்டு நாள் அம்மாவுக்கு வேலை இல்லை. வீட்டில் கடன் அப்படியே நிற்குது. அக்கா வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை கேட்டாராம். “திருப்பி நெருக்கி உக்கார வச்சா ஆய்வாளருக்கு எழுதிருவேன்ணே, மனு எழுதி வச்சிருக்கேன்”னு முடித்திருந்தார்.

எல்லாம் சுபமாக முடிஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் ரெண்டு நாள் கூலி குறைஞ்சிருக்கு, அது உண்மையான கஷ்டம். கடமையைச் செய்தால் உடனே முருகன் பணம் அனுப்புவான்னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா நம்பாதீங்க. ஆனா அந்த ரிஜிஸ்டரில் இப்போ ஒன்பது பேர் இருக்காங்க.

உங்களுக்குப் பட்டாசு ஆலை இல்லாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பீங்க, கட்டடத்தில் சூப்பர்வைசராக இருப்பீங்க, ஸ்கூல் வேன் ஓட்டுவீங்க. நாலுன்னு எழுதிட்டு ஒன்பதைப் பார்க்கிற ஒரு காலை உங்களுக்கும் வரும். அன்னைக்கு இந்த மூணு கேள்வியைக் கேட்டுக்கோங்க. என் கையில் இருக்கிற கடமை எது? என் கணக்கில் யாரை விட்டேன்? இதன் வலியைத் தாங்கப் போறவங்ககிட்ட நான் கேட்டேனா?

அடுத்த முறை கழுகுமலை ஏறும்போது, சாமியைக் கும்பிட்டுவிட்டு அந்த ரெண்டு கழுகுகளையும் ஒரு நிமிஷம் நினைங்க. தைப்பூசத்துக்குப் போறவங்க இந்தத் தம்பியின் அம்மாவுக்காகவும், அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற மற்ற எட்டுப் பேருக்காகவும் ஒரு வேண்டுதல் வச்சுட்டு வாங்க.

பட்டாசு, தீப்பெட்டி வேலையில் சொந்தக்காரங்க இருக்கிறவங்க நாலாவது குறிப்பை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்பி வைங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
கழுகாசலமூர்த்திக்கு அரோகரா!